‘துரு’வுக்கு மூன்றே முக்கால் நட்சத்திரம்

என் மகள் அன்புச்செல்வி பாடுகிறாள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அவள் பாடிக் கேட்டுவிட்டால் இன்னும் நம்பமாட்டார்கள். பட்டறையில் கிரைண்டர் தகரத்தைக் கடிக்கிறபோது ஒரு சத்தம் வருமே, அப்படி ஆரம்பிக்கும். யாரோ ஒருவரைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டுவது போல முடியும். இதற்குப் பெயர் பங்க் ராக் என்று அவளே சொன்னாள்.

“வெளிநாட்டுல வேலவெட்டி இல்லாத பசங்க ஆரம்பிச்சதுப்பா. பாடத் தெரியணும்னு இல்ல. கோவம் இருந்தாப் போதும்.”

“அப்படின்னா நம்ம பட்டறையில அத்தனை பேரும் பாடகனுங்கதான் சாமி” என்றேன். போனில் வெகுநேரம் சிரித்தாள்.

நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் தகர வேலை செய்கிறவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான், லாரிகளின் முதுகைப் பார்த்து. ‘ஒலி எழுப்பவும்’ என்பதுதான் நான் முதன்முதலில் முழுதாக வாசித்த வாசகம். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி அன்புச்செல்வியும் பிறந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். பிற்பாடு அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய், அங்கே மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ‘துரு’ என்று குழு ஆரம்பித்தபோது, அவளுடைய முதல் பாட்டுக்கு அந்த வாசகத்தையே பெயராக வைத்தாள்.

அவளைப் பற்றி ஒரு சென்னை ஆள் ஆவணப்படம் எடுத்தார். படத்துக்கும் ‘துரு’ என்றே பெயர். எங்கள் வீட்டுக்கும் பட்டறைக்கும் கேமராவோடு வந்து போனார்கள். பிறகு அது எங்கெங்கோ வெளியூர் விழாக்களில் ஓடியது. பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்களாம். ஒரு நாள் அன்புச்செல்வி போன் செய்தாள்.

“அப்பா, படத்துல கடைசீல உன்னப் பத்திப் பேசியிருக்கேன்.”

“என்ன சாமி பேசுனே?”

“போன்ல சொல்ல வராதுப்பா. படத்துல பாத்துக்க.”

சொல்ல வராதது என்றால் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அவள் சொல்ல வந்து சொல்லாமல் விட்டவை எங்களுக்குள் நிறைய உண்டு. இந்தப் படமோ செல்போனில் கிடைக்கிற படமில்லை. விழா நடத்துகிறவர்கள் கேட்டால் ஒரு நாளைக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு லிங்க் கொடுப்பார்களாம். என்னிடம் விழா இல்லை. சும்மா இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஜிப்பா போட்டிருந்தார். பெயர் வளவன். கல்லூரியில் பேராசிரியர், ‘கொல்லிமலைச் சாரல் உலகத்திரை ஆய்வு மன்றம்’ என்ற அமைப்புக்குச் செயலாளர்.

“நீங்கதான் துருவோட அப்பாவா?” என்றார்.

தகரத் தொழிலாளியைப் பார்த்து இப்படிக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். ஆமாங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைத் திரையிட்டு விமர்சனக் கூட்டம் நடத்துகிறார்களாம். அவர்களுடைய விதிப்படி ஒவ்வொரு கூட்டத்திலும் சாமானியர் ஒருவர் மேடையில் இருக்க வேண்டுமாம். சென்ற மாதம் ஓர் ஈரான் நாட்டுப் படத்துக்குக் கோழித் தீவன மில்லில் மூட்டை தூக்குகிறவரை உட்கார வைத்தார்களாம். இந்த மாதம் சாமானியராகவும் இருக்கிறேன், தகப்பனாகவும் இருக்கிறேன் என்பதால் எனக்கு இரட்டைத் தகுதி என்றார்.

“படத்த முழுசாப் போடுவீங்ளா?”

“முழுசாப் போடுவோம்.”

“கடைசி வரைக்கும்?”

“உங்க ஆர்வம் எனக்குப் புரியுது. இதையே மேடையிலயும் சொல்லுங்க” என்று என் தோளைத் தட்டினார். கையில் ஒட்டிய கரியை ஜிப்பாவில் துடைக்க முடியாமல் காருக்குப் போகும் வரைக்கும் விரலை விரித்தே வைத்திருந்தார்.

என் மனைவி சௌந்திரம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. “நீ போய்ப் பாத்துட்டு வா. என்ன சொன்னான்னு ஒரு வார்த்த விடாம வந்து சொல்லு” என்றாள். வெள்ளைச் சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள்.

கூட்டம் நடந்தது ஊருக்கு வெளியே ஒரு பெரிய விடுதிப் பள்ளியில். அதன் தாளாளர் குருமூர்த்திதான் மன்றத்துக்கும் தலைவர். வாசலில் வரவேற்புப் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் குருமூர்த்தி ஆளுயரத்துக்கு இருந்தார். பக்கத்தில் மன்றத்தின் புரவலர், பண்ணை முதலாளி மோகன்குமார். அதற்கடுத்து வளவன். கீழே மூலையில், தீப்பெட்டி அளவில், சேவல் கொண்டை மாதிரி முடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்.

“இது எம் புள்ள இல்லீங்களே” என்றேன்.

“அது குறியீடு” என்றார் வளவன்.

உள்ளே அரங்கில் மாணவர்கள் முன்னூறு பேராவது இருப்பார்கள். சீருடையில், கையைக் கட்டிக்கொண்டு, வரிசைக்கு ஒரு வார்டன் காவலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மேடையில் தலைவர்களுக்குச் சோபா போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் ‘சாமானியர்’ என்று தாள் ஒட்டியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்து, எனக்குத்தான் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

லேப்டாப்பைக் கவனித்துக்கொண்டது பிரவீனா என்கிற கம்ப்யூட்டர் டீச்சர். ஞாயிற்றுக்கிழமையும் வரவழைத்துவிட்டார்கள் என்கிற சலிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

“படம் எப்பங்க டீச்சர் போடுவீங்க?”

“காலையில பத்துக்குன்னாங்க. எனக்கு ஆறு மணி வரைக்குந்தான் லிங்க் திறந்திருக்கும். அதுக்குள்ள போட்டாச் சரிங்கண்ணா.”

பத்து மணி என்பது எப்போதோ போயிருந்தது.

முதலில் வரவேற்புரை. பிறகு, வரவேற்றவரை வரவேற்று ஒருவர் பேசினார். பேசியவர்களுக்கெல்லாம் பொன்னாடை போட்டார்கள். பொன்னாடை வாங்கியவர் திரும்பிப் போட்டவருக்கு ஒன்று போட்டார். இத்தனை பேருக்கு இத்தனை ஆடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மேடைக்குப் பின்னால் ஓர் அம்மாள், கழற்றி வைப்பதை எல்லாம் மடித்து, ஊதாக் காகிதத்தில் சுற்றி, மறுபடியும் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஆடையில் என் கண்முன்னால் பலபேர் கௌரவம் அடைந்தார்கள்.

பிறகு நூல் வெளியீடு. வளவன் இந்தப் படத்தைப் பற்றி ஒரு விமர்சனப் புத்தகம் எழுதி அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். பெயர், ‘துரு: ஒரு மறுவாசிப்பு’. முதல் வாசிப்பு எப்போது நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொல்லிவிட்டார்.

“நான் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். படத்தைப் பார்த்தவன் படத்துக்கு அடிமையாகிவிடுகிறான். அவனால் அதில் இருப்பதைத்தான் பேச முடியும். நான் அதில் இல்லாததையும் பேசுகிறேன். விமர்சகன் என்பவன் படத்துக்கு வெளியே நிற்க வேண்டியவன். நான் இன்று வரைக்கும் வெளியே நிற்கிறேன்.”

வார்டன்கள் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து மாணவர்களும் தட்டினார்கள். ஒரே மாதிரி, ஒரே அளவு.

அடுத்து குருமூர்த்தியின் தலைமையுரை. மேடையில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் ‘அவர்களே’ போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவர் என் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“அன்புச்செல்வி நம் பள்ளியில் படிக்கவில்லை. ஆனால் நம் பள்ளிக்கு எதிரே இருக்கும் அரசுப் பள்ளியில் படித்திருக்கிறார். அங்கே மணி சரியாக அடிக்காது. நம் மணியைக் கேட்டுத்தான் அவர்கள் வகுப்பு நடத்துவார்கள். ஆக, அவருடைய இசையறிவுக்கு விதை எங்கே விழுந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மாணவச் செல்வங்களே! பங்க் என்றால் கலகம். கலகத்துக்கு அடிப்படை ஒழுக்கம். நம் பள்ளியில் கலகம் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, வகுப்பாசிரியர் மூலமாக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சும்மா வராந்தாவில் நின்றுகொண்டு செய்யக்கூடாது. எல்லாரும் எழுந்து நின்று சொல்லுங்கள். கலகம் வாழ்க!”

முன்னூறு பேரும் எழுந்து, கையைக் கட்டியபடியே, “கலகம் வாழ்க” என்றார்கள்.

“சத்தம் பத்தவில்லை.”

மறுபடியும் சொன்னார்கள்.

“உட்காரலாம்.”

உட்கார்ந்தார்கள்.

இப்போதாவது படம் போடுவார்கள் என்று பிரவீனா டீச்சரைப் பார்த்தேன். அவர் கையை விரித்தார். புரவலர் வரவில்லையாம். புரவலர் குத்துவிளக்கு ஏற்றாமல் படம் போடுவது மன்றத்தின் மரபில் இல்லையாம். அவர் முட்டை விலைக் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். அதனால் சாப்பிட்டோம். தக்காளி சாதமும் முட்டையும். சாப்பிட்டு வந்து மறுபடி சாமானியரில் உட்கார்ந்தேன்.

மோகன்குமார் வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நல்ல மனிதர், எனக்கும் கும்பிடு போட்டார். விளக்கேற்றிவிட்டு சோபாவில் உட்கார்ந்ததும் வளவனைக் கூப்பிட்டு, மைக் திறந்திருப்பது தெரியாமல் கேட்டார்.

“என்ன படமுங்க?”

“துருங்க. ஆவணப்படம்.”

“சரி. எத்தனை ஸ்டார் போடப்போறீங்க?”

“கூட்டம் முடிவுல அறிவிக்கலாம்னு…”

“அதெல்லாம் முடிவுல அறிவிக்கப்படாதுங்க. வெல முன்னாடியே நிக்கோணும். வெளியூருல என்ன போகுது?”

“சென்னையில நாலுங்க. பெங்களூர்ல நாலேகால் குடுத்திருக்காங்க.”

மோகன்குமார் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். அந்த அரங்கில் காலையிலிருந்து ஒருவர் யோசித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“நாம அவிகளுக்கு மேல போனம்னா சரக்குத் தேங்கிப்போயிரும். ரொம்ப எறங்குனாலும் பண்ணக்காரன் செத்தான். பொரட்டாசி வேற வருது, டிமாண்டு இருக்காது. மூணே முக்கால்ல நிறுத்துங்க. ஐப்பசியில பாத்து ஏத்திக்கலாம்.”

‘துரு’வுக்கு மூன்றே முக்கால் நட்சத்திரம் என்று அப்போதே அறிவித்தார்கள். பலத்த கைதட்டல். விலை நின்றுவிட்டதால் அவர் கிளம்பிவிட்டார். இன்னொரு திறப்பு விழா இருந்ததாம்.

பிறகுதான் படம் போட்டார்கள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே முன்வரிசைக்கு வந்தேன். விளக்கை அணைத்தார்கள். திரையில் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு சுத்தியல் சத்தம். பிறகு இன்னொன்று. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதன் மேல் கிடாரை அறைந்தார்கள். அன்புச்செல்வி மைக்கைக் கடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, “ஒலி எழுப்பவும்!” என்று கத்தினாள். அரங்கம் அதிர்ந்தது. எனக்குப் பின்னால் இருந்த வரிசையில் கட்டிய கைகள் தானாக அவிழ்ந்துவிட்டன. எனக்கு அந்தப் பாட்டு இன்றைக்கும் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். காது கூசுகிறது. ஆனால் அத்தனை பேர் அவள் கத்துவதைக் கேட்பது பிடித்திருந்தது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று குருமூர்த்தி எழுந்தார்.

விளக்கு எரிந்தது.

“டீச்சர், சவுண்டை எடுங்க. மேல் மாடியில ஸ்டடி அவர் நடக்குது.”

“சார், இது பாட்டுக்காரங்களப் பத்தின படம்ங்க சார்” என்றார் பிரவீனா.

“பாட்டை நாங்க மதிக்கிறோம்மா. ஆனா மேல் மாடியில நீட் இருக்கு.”

“கொஞ்சமா வைக்கட்டுங்களா?”

“கொஞ்சமா வெச்சாலும் அது கத்துதே. எடுத்துடுங்க. வளவன் சார் மைக்ல விளக்கம் சொல்லுவாரு. அது சத்தமில்ல, கல்வி.”

இப்படியாக, பங்க் ராக் பாடகி ஒருத்தியைப் பற்றிய ஆவணப்படம் எங்கள் மாவட்டத்தில் முதன்முறையாக, சத்தம் இல்லாமல் திரையிடப்பட்டது.

நான் எழுந்து போய், “ஏனுங்க டீச்சர், படத்துக்கு அடியில எழுத்து ஓடுமுங்களே, அதாவது வருதுங்களா?” என்று கேட்டேன். படத்தில் பேசுவதை எல்லாம் கீழே இங்கிலீஷில் போட்டிருக்கிறார்கள், உங்களுக்கு வேண்டியதை நான் வாசித்துச் சொல்கிறேன் என்றார் அவர். பிறகு திரையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். திரையின் கால்வாசியை மறைத்து மன்றத்தின் பேனரைக் கட்டியிருந்தார்கள். எழுத்து ஓடவேண்டிய இடத்தில் குருமூர்த்தி கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேனரைக் கொஞ்சம் இறக்கலாமா என்று பிரவீனா வார்டனிடம் கேட்டார். தாளாளர் படத்தை இறக்கச் சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது என்று வார்டன் அவரிடமே கேட்டார். லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதன் திரை போன வாரமே உடைந்து, படம் மேடைத் திரையில் மட்டும்தான் விழுமாம்.

அப்படியே பார்த்தேன். எங்கள் வீடு வந்தது. சௌந்திரம் முட்டை அட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டாள். பட்டறை வந்தது. என் முதுகு வந்தது. அன்புச்செல்வி ஒரு மேடையிலிருந்து குதித்தாள். ஆயிரம் வாய்கள் திறந்து மூடின. எல்லாவற்றுக்கும் மேலே வளவனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

“இங்கே நாம் ஒரு லாரியைப் பார்க்கிறோம். ஆனால் அது லாரி அல்ல. இங்கே ஒரு முதுகு. இந்த முதுகு யாருடையது? யாருடையதும் அல்ல. அது வரலாற்றின் முதுகு.”

பக்கத்தில் இருந்த வார்டன் என் முதுகைத் திரும்பிப் பார்த்தார்.

இதுதான் கடைசிக் காட்சி என்று எனக்கே தெரிந்துவிட்டது. அன்புச்செல்வி ஒரு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாதித் தலை மழித்திருந்தது. மூக்கில் வளையம். அலங்காரம் எதுவும் இல்லை. கேமராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. அது ‘அப்பா’ என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒன்றுதான் தெரிந்தது.

என்னவோ சொன்னாள். நிறுத்தினாள். இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்துத் தன் காதுகளைப் பொத்திக் காட்டினாள். அப்படியே பொத்திக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னாள். கையை எடுத்தாள். சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னப் பிள்ளையாகப் பட்டறைக்குச் சோறு கொண்டுவருவாள். ஷீட் அடிக்கிறபோது ஓடிவந்தால் நான் சுத்தியலைப் போட்டுவிட்டு அவள் காதைப் பொத்துவேன். அதைச் சொல்கிறாளா? இல்லை, எத்தனை கத்தினாலும் எங்கப்பா காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார் என்கிறாளா? இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் போகும். சிரிப்பும் அழுகையும் இரண்டுக்குமே வரும்.

“இந்த இடத்தைக் கவனியுங்கள்” என்றது வளவனின் குரல். “கலைஞர் காதைப் பொத்துகிறார். அதாவது, நம் காலத்தின் செவிட்டுத்தனத்தை அவர் கேட்க மறுக்கிறார். இதை நான் என் நூலின் கடைசிப் பக்கத்தில், படம் பார்க்காமலேயே, ஊகித்திருக்கிறேன்.”

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது.

“இப்போது சாமானியரின் கருத்துரை. திரு. செல்லமுத்து அவர்கள்.”

மேடைக்குப் போனேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆகக் கொஞ்சம் இருந்தது.

“ஐயா, எல்லாருக்கும் கும்புடுங்க. எனக்குப் பேச்செல்லாம் வராதுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. அந்தக் கடைசிய மட்டும், சத்தம் வெச்சு, இன்னொருக்காப் போடுங்க.”

வளவன் பாய்ந்து இன்னொரு மைக்கை எடுத்தார்.

“கேட்டீர்களா? ‘சத்தம் வெச்சு இன்னொருக்காப் போடுங்க!’ எளிய மனிதன் சத்தத்தைக் கேட்கிறான். அதுவும் கடைசியில் கேட்கிறான். காலம் முழுக்கச் சத்தம் மறுக்கப்பட்டவன் கேட்கும் கேள்வி இது!”

கைதட்டல்.

“அதில்லீங்க. எம் புள்ள என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கலீங்க. சத்தம் வெச்சுப் போடச் சொல்லுங்க.”

“மறுபடியும் சொல்கிறார்! அதே வாசகம்! திரும்பத் திரும்பச் சொல்லுதல் பங்க் இசையின் அடிப்படை உத்தி. மகளின் கலை எங்கிருந்து வந்தது என்று இனியும் சந்தேகம் உண்டா?”

“கரண்ட் செலவு எதுன்னாலும் நாங் குடுத்தர்றனுங்க!” என்று கத்திவிட்டேன். குரல் உடைந்துபோனது.

மாணவர்கள் எழுந்துவிட்டார்கள். வார்டன் சொல்லாமலே எழுந்து கத்தித் தட்டினார்கள். அன்று அங்கே கலகம் மாதிரி எதுவும் நடந்தது என்றால் அது அந்த நிமிஷம்தான். குருமூர்த்தி முகம் மலர்ந்து, மேலே நீட் இருப்பதையே மறந்து, எனக்குப் பொன்னாடை போட்டுக் கட்டிப்பிடித்தார். போட்டோ எடுத்தார்கள். மைக்கைக் கையிலிருந்து வாங்கி நன்றியுரைக்குக் கொடுத்தார்கள்.

நான் பிரவீனா டீச்சரிடம் ஓடினேன். அவர் தலையைத் தூக்காமல் பட்டன்களை அழுத்திக்கொண்டே இருந்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு ஒரு வரி வந்தது.

“மூடிருச்சுங்கண்ணா.”

“வேற வழி எதுனாச்சும்?”

“இல்லீங்கண்ணா. நானும் சவுண்டு வைக்கச் சொல்லிப் பாத்தேன்” என்று லேப்டாப்பை மூடினார்.

மேடைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் வந்தார். “அண்ணா, அந்தத் துண்ட ஒரு நிமிசம் குடுங்க. நன்றி சொல்றவருக்குப் போடோணும்” என்றார். கழற்றிக் கொடுத்தேன்.

வீட்டில் சௌந்திரம் சோறு கூட வைக்காமல் காத்திருந்தாள்.

“என்ன சொன்னா?”

“சத்தம் வெக்கல.”

“என்னது?”

“படத்துக்குச் சத்தம் வெக்கல. மேல புள்ளைங்க படிக்குதாம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “வெள்ளச் சட்டையத் தேச்சுக் குடுத்தனே, அந்நேரத்துக்கு ரெண்டு தட்டு முட்ட அடுக்கியிருப்பேன்” என்றாள். அப்புறம் போய் உலை வைத்தாள்.

அந்த வாரத்திலேயே வளவன் மறுபடி பட்டறைக்கு வந்தார். செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தை மடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் நின்றபடியே எழுத்துக் கூட்டினேன். ‘மகளின் உருக்கமான வார்த்தைகளைக் கேட்டு மேடையில் கதறி அழுத தந்தை’ என்று போட்டிருந்தது. கீழே குருமூர்த்தி என்னைக் கட்டிப்பிடித்திருந்தார். ‘கலைநயமும் ஒலிநயமும் மிக்க திரையிடல்’ என்று அவர் பாராட்டியதாக எழுதியிருந்தது. நட்சத்திரம் மூன்றே முக்கால்.

கூடவே, கழுத்தில் மாட்டுகிற கயிற்றோடு ஓர் அட்டை கொடுத்தார். என் போட்டோ போட்டு, ‘செல்லமுத்து, வாழ்நாள் உறுப்பினர், திரை ஆய்வாளர்’ என்று அச்சடித்திருந்தது.

“எனக்கு என்னங்க இதுக்குத் தகுதி? நாந்தான் ஒண்ணையும் கேக்கலீங்களே.”

“போகப் போக வந்துடும்” என்றார் வளவன்.

அட்டையை வீட்டில் அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். போட்டுக்கொள்ள மனசு ஒப்பவில்லை. அதில் எழுதியிருப்பது பொய் என்று பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்புச்செல்வி போன் செய்தாள். சௌந்திரம் பண்ணைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

“அப்பா, பேப்பர்ல வந்தத போன்ல அனுப்புனாங்க, பாத்தேன். எங்க குழுவுல எல்லாருக்கும் காட்டுனேன். நாலஞ்சு நாளா அந்தப் போட்டோவையேதான் பாத்துட்டு இருக்கேன்.”

“அப்படிங்களா சாமி.”

“எத்தன ஊருல இந்தப் படத்தப் போட்டாங்க, யாரார் என்னென்னவோ எழுதுனாங்க. எனக்கு அதெல்லாம் பெருசில்லப்பா. நீ கேட்டுட்டியான்னுதான் இருந்துச்சு.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “நெசமாலுமே அழுதியாப்பா?”

கேட்கவில்லை சாமி, அவர்கள் சத்தமே வைக்கவில்லை, நீயே இப்போது சொல்லிவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. சின்ன வயசில் பரீட்சைப் பேப்பரை நீட்டிவிட்டு நிற்பாளே, அந்த மூச்சு.

“ஆமா சாமி” என்றேன்.

“நான் சொன்னது சரிதானே?”

“சரிதான்.”

“கோவமில்லயே?”

“எதுக்குச் சாமி கோவம். நல்லாச் சொல்லியிருந்தே. அந்தக் காதப் பொத்துனே பாரு, அந்த எடம் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் போன் செய்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

சௌந்திரம் வாசலிலிருந்தே கேட்டாள். “என்ன சொன்னாளாம் உன்னப் பத்தி?”

உள்ளே போய் உப்பு டப்பாவை நகர்த்தி அந்த அட்டையை எடுத்தேன். துடைத்துக் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.